பேஸ்பால் மைதானங்களை எந்த சீட்டில் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும்?

மேல்தளவாசி:

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதியவை போலத்தான் தெரிகின்றன. அங்கே உட்கார்ந்தால் எந்த மைதானமும் நன்றாகத்தான் இருக்கும். என் அளவுகோல் வேறு. அன்றைக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த விலை டிக்கெட்டை வாங்கி, ஒன்பது இன்னிங்ஸும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள் மைதானம் எப்படி என்று.

இந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் பிட்ஸ்பர்க்கின் பிஎன்சி பார்க். 2001-ல் திறந்தது. பொது இருக்கைகளுக்கு இரண்டே தளம். மைதானத்திலேயே மிக உயரமான இருக்கை ஆடுகளத்திலிருந்து 88 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து வீசும் பிட்சர் கையைச் சுழற்றுவதும், அதைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை நகர்த்துவதும் தெளிவாகத் தெரியும். மூன்றாம் பேஸ் பக்கம் (ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம்) மேல்தளம் எடுத்தால் எதிரே அலெகெனி ஆறு, அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ராபர்ட்டோ கிளமென்டே பாலம், பின்னால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். ஆட்ட நாட்களில் அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டம் நடந்தே ஆற்றைக் கடந்து வரும். ரைட் ஃபீல்ட், அதாவது வலப்பக்க வெளிக்களச் சுவரின் உயரம் 21 அடி. பிட்ஸ்பர்க் அணியின் பழைய நட்சத்திரமான கிளமென்டே அணிந்த எண் 21. அந்தச் சுவரை மேல்தளத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதற்கும் ஆற்றுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பது புரியும்.

உங்கள் அனுபவத்தில், மலிவான சீட்டிலிருந்து எது சிறந்தது? காரணத்தோடு எழுதுங்கள்.

---

பாஸ்டன்_பக்கத்து_வீடு:

நல்ல அளவுகோல். ஆனால் இதில் பாஸ்டனின் ஃபென்வே பார்க் அடிபட்டுப் போகுமே என்றுதான் எனக்கு வருத்தம்.

ஃபென்வே 1912 ஏப்ரல் 20-ல் திறந்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இப்போது ஆடப்படும் மைதானங்களிலேயே பழையது. கிராண்ட்ஸ்டாண்டில் மரத்தாலான குறுகலான இருக்கைகள். மேல்கூரையைத் தாங்கும் தூண்கள் நேராகக் கண்ணெதிரே நிற்கும். ரைட் ஃபீல்ட் கிராண்ட்ஸ்டாண்டில் உட்கார்ந்தால் உடம்பு சென்டர் ஃபீல்டைப் பார்த்து இருக்கும், தலையை மட்டும் ஹோம் பிளேட் பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். ஆறாவது இன்னிங்ஸில் கழுத்து வலிக்கும். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் அந்த லெஃப்ட் ஃபீல்ட் சுவர் இருக்கிறதே! கிரீன் மான்ஸ்டர். 37 அடி 2 அங்குல உயரம். ஹோம் பிளேட்டிலிருந்து கோட்டோரம் 310 அடி தூரம்தான் என்று பலகை சொல்லும். வேறு எந்த மைதானத்திலும் எளிதாக கேட்ச் பிடித்துவிடும் பந்து இங்கே சுவரில் 'டொக்' என்று மோதித் திரும்பும், ஆட்டக்காரர் இரண்டாம் பேஸில் நிற்பார். அதேபோல மட்டமாகச் சீறிப்போகும் அருமையான அடி, வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாக இருக்க வேண்டியது, இங்கே சுவரில் பட்டு ஒற்றை பேஸோடு முடிந்துவிடும். அந்தத் துள்ளலைக் கணித்து ஆடும் லெஃப்ட் ஃபீல்டரைப் பார்ப்பதற்கே தனியாக டிக்கெட் வாங்கலாம். சுவருக்குள் ஆட்கள் உட்கார்ந்து ஸ்கோர்போர்டில் எண் பலகைகளைக் கையால் மாற்றுகிறார்கள். அந்த ஸ்கோர்போர்டின் வெள்ளைக் கோடுகளைக் கூர்ந்து பாருங்கள். முன்னாள் உரிமையாளர்கள் டாம் யாக்கி, ஜீன் யாக்கி இருவரின் முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் புள்ளியும் கோடுமாக அங்கே இருக்கும்.

ரைட் ஃபீல்டுக்குப் பின்னால் கூரையில்லாத ப்ளீச்சர்ஸ் வரிசைகளில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கை உண்டு. 1946-ல் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் விழுந்த இடம். அங்கே போய் நின்று ஹோம் பிளேட்டைத் திரும்பிப் பாருங்கள். அவ்வளவு தூரத்தை ஒரு மனிதர் மட்டையால் அடித்தார் என்பதை டிவியில் உணரவே முடியாது. ப்ளீச்சர்ஸ் டிக்கெட் மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை குறைவு, தூணும் மறைக்காது. உங்கள் அளவுகோலிலேயே ஃபென்வேயை ஜெயிக்க வைக்க அந்த இடம் போதும்.

---

கட்டுமானக்காரன்:

தூண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் தூணைத் திட்டுகிறோம். ஆனால் பழைய மைதானங்களில் மேல்தளம் ஆட்டத்துக்கு அவ்வளவு அருகில் இருந்ததற்குக் காரணமே அந்தத் தூண்தான். கீழ்த்தளத்துக்குள்ளேயே தூணை நட்டு, அதன்மேல் மேல்தளத்தை ஏற்றிவிட்டார்கள். அதனால் மேல்தளத்து ஆள் கீழ்த்தளத்து ஆளின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார். தூண் வேண்டாம் என்று முடிவெடுத்தால் மேல்தளத்தின் எடையைப் பின்னாலிருந்து தாங்க வேண்டும். அப்போது தளம் பின்னால் தள்ளிப்போகும், உயரமும் கூடும். கீழே சிலருக்கு மறைக்கும் தூணை எடுத்தோம், அதற்கான விலையை மேலே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்டம் முழுக்கக் கொடுக்கிறார்கள்.

இதற்குச் சிகாகோவின் தெற்குப் பகுதி நல்ல உதாரணம். வைட் சாக்ஸ் அணிக்காக 1991-ல் புது கோமிஸ்கி பார்க்கைத் திறந்தார்கள். நடுவில் ஆடம்பர அறைகளின் அடுக்குகளைச் செருகியதால் மேல்தளம் வானத்துக்குப் போய்விட்டது. பழைய கோமிஸ்கியின் மேல்தளக் கடைசி வரிசையைவிடப் புதியதன் மேல்தள முதல் வரிசை ஆட்டத்திலிருந்து தள்ளி இருந்தது! சரிவும் பயங்கரம். பிற்பாடு உச்சியில் இருந்த வரிசைகளையே வெட்டி எடுத்துக் கூரை போட வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த ஆண்டே, 1992-ல், பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் வந்தது. ரைட் ஃபீல்டுக்குப் பின்னால் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான பழைய ரயில்வே கிடங்கு. அதை இடிக்காமல், அதை ஒட்டியே மைதானத்தை அமைத்தார்கள். செங்கல், பச்சை இரும்பு, ஊருக்கு நடுவே இடம். அதன் பிறகு கட்டிய மைதானங்களில் பெரும்பாலானவை, உங்கள் பிஎன்சி உட்பட, இதைப் பார்த்து வந்தவைதான். ஓராண்டு இடைவெளியில் ஒரே விளையாட்டுக்கு இப்படி இரண்டு எதிரெதிர் பதில்கள். இரண்டு ஊருக்கும் போய் மேல்தளத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் மைதானம் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்க நல்ல வழி.

சேப்பாக்கத்தில் பழைய காலரியில் உட்கார்ந்தவர்களுக்குத் தூண் பிரச்சினையை விளக்கவே வேண்டாம். 2011 உலகக் கோப்பைக்கு முன் மறைக்கும் பழைய கூரையை எடுத்துவிட்டு, கம்பிகளில் தொங்கும் இலகுவான கூடாரக் கூரை போட்டதும் இதே சிக்கலைத் தீர்க்கத்தான்.

---

வடசிகாகோ:

தெற்குப் பகுதியைப் பற்றிச் சொல்லிவிட்டு வடக்கை விட்டுவிட்டீர்களே!

ரிக்லி ஃபீல்ட், 1914. ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். இங்கேயும் தூண் உண்டு, அதனாலேயே மேல்தளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டுமானக்காரன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வெளிக்களச் சுவரில் படர்ந்திருக்கும் ஐவி கொடியை 1937-ல் நட்டார்கள். பந்து அந்த இலைகளுக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ். கையை உள்ளே விட்டுத் தேட ஆரம்பித்தால் ஆட்டம் தொடரும். ஏப்ரலில் போனால் கொடி காய்ந்து வெறும் குச்சியாகச் செங்கல் தெரியும். இலையோடு பார்க்க வேண்டுமென்றால் ஜூனுக்குப் பிறகு போங்கள்.

இன்னொன்று, காற்று. கிளம்பும் முன் கொடிக்கம்பத்தைப் பாருங்கள். மிச்சிகன் ஏரியிலிருந்து உள்ளே அடித்தால் பிட்சர்களின் நாள். வெளியே அடித்தால் எதுவும் நடக்கலாம். 1979 மே 17-ல் அப்படி ஒரு காற்றில் பிலடெல்பியா 23, சிகாகோ 22 என்று முடிந்தது. சில ரன்களே வரும் பேஸ்பாலில்!

1988 ஆகஸ்ட் வரை இங்கே விளக்குகளே கிடையாது, உள்ளூர் ஆட்டம் எல்லாம் பகலில்தான். இப்போதும் பகல் ஆட்டங்கள் நிறைய. முடிந்தால் வார நாளில் பகல் ஆட்டத்துக்கு ப்ளீச்சர்ஸ் டிக்கெட் எடுங்கள்.

---

கிரிக்கெட்_ரசிகை:

எல்லோருக்கும் வணக்கம். பேஸ்பால் எனக்குப் புதிது, கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். முதல் ஆட்டத்துக்கு எங்கே உட்கார வேண்டும்? ஆட்டம் எவ்வளவு நேரம் போகும்? அப்புறம், நான் சைவம். உள்ளே என்ன கிடைக்கும்?

---

மேல்தளவாசி:

வாருங்கள். ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், மேல்தளத்தில் எடுங்கள். கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீனுக்கு நேராக உட்கார்ந்தால் பந்து விலகுவது தெரிகிற மாதிரி, இங்கேயும் பந்து வளைவதும் இறங்குவதும் அந்தக் கோணத்தில்தான் தெரியும். உயரத்தில் இருப்பதால் பந்து அடிபட்டதும் ஒன்பது ஃபீல்டர்களும் எப்படி ஒரே நேரத்தில் நகர்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். அடிபட்ட பந்தை மட்டும் துரத்தாதீர்கள். யார் எந்த பேஸைக் காக்க ஓடுகிறார்கள் என்று பாருங்கள், ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

2023-ல் பிட்சருக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்க முடிகிறது.

---

சாப்பாட்டு_மூட்டை:

சைவம் பற்றி நான் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் பூண்டு போட்ட உருளை வறுவல் கட்டாயம் சாப்பிட வேண்டும், ஸ்டாண்டு முழுக்க அந்த வாசனைதான். மற்ற ஊர்களில் பிரெட்ஸெல், நாச்சோஸ், வேர்க்கடலை நிச்சயம் கிடைக்கும். ஆனால் விலை கூடுதல். கேம்டன் யார்ட்ஸ் போலப் பல மைதானங்களில் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். மது கூடாது, தண்ணீர் பாட்டில் திறக்காமல் இருக்க வேண்டும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்க் குடும்பத்தோடு சாப்பிட்டிருக்கிறோம், பக்கத்து சீட்டுக்காரர்களுக்கும் கொடுத்தோம். விதி ஊருக்கு ஊர் மாறும். அணியின் தளத்தில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பை விஷயத்தில் எச்சரிக்கை. பல இடங்களில் முதுகுப்பை கூடாது. ஒரு மைதானத்தில் வாசலில் எங்களை நிறுத்தி, பையை எங்கேயாவது காசு கொடுத்து வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். குழந்தையோடு வெயிலில் அலைந்து உள்ளே போவதற்குள் இரண்டு இன்னிங்ஸ் போய்விட்டது. வாசலில் நிற்கும் ஊழியரை நொந்து பயனில்லை, விதி அவர் போட்டதில்லை. ஆனால் டிக்கெட் விற்கும்போதே அதைக் கொட்டை எழுத்தில் சொன்னால் என்ன?

சான் பிரான்சிஸ்கோ பற்றி இன்னொரு செய்தி. ஆரக்கிள் பார்க்கில் ரைட் ஃபீல்ட் சுவரின் அடியில், கடலோர நடைபாதையை ஒட்டிக் கம்பி வளைவுகள் இருக்கின்றன. டிக்கெட்டே இல்லாமல் அங்கே நின்று கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்க்கலாம். பின்னால் திரும்பினால் மெக்கோவி கோவ் என்ற சிறு நீர்ப்பகுதி, ஹோம் ரன் பந்துக்காகக் கயாக்கில் காத்திருப்பவர்கள். பார்வையாளரை மதிக்கிற மைதானம் என்றால் அதுதான்.

---

ஒசாகாவிலிருந்து:

அமெரிக்காவோடு நிறுத்திவிடாதீர்கள். ஜப்பானுக்கு வருகிறவர்கள் கோஷியன் மைதானத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே நிஷினோமியாவில் இருக்கிறது, ஹன்ஷின் ரயிலில் இறங்கினால் எதிரே மைதானம். 1924 ஆகஸ்டில் திறந்தது. 1934 சுற்றுப்பயணத்தில் அமெரிக்க நட்சத்திரம் பேப் ரூத் இங்கே ஆடியிருக்கிறார்.

பேஸ்களுக்கு நடுவே உள்ள இன்ஃபீல்ட் முழுவதும் கரிய மண், ஒரு புல் கிடையாது. எரிமலைச் சாம்பல் கலந்த கரிசலோடு மணலைச் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள். வெயிலில் வெள்ளைப் பந்து அந்த மண்ணில் பளிச்சென்று தெரியும். ஆகஸ்டில் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி நடக்கும்போது, தோற்ற அணிப் பையன்கள் மண்டியிட்டு அந்த மண்ணைக் கையால் வாரிச் சிறு பையில் போட்டுக்கொள்வார்கள். அழுதுகொண்டேதான் வாருவார்கள். எதிரணியும் அரங்கமும் பொறுமையாகக் காத்திருக்கும். தோற்றவர்களுக்கு இவ்வளவு மரியாதையை வேறு எந்த அரங்கிலும் நான் பார்த்ததில்லை.

உள்ளூர் அணியான ஹன்ஷின் டைகர்ஸ் ஆடும் நாட்களில் வெளிக்கள இருக்கைகள் வேறு உலகம். மேல்தளவாசியின் அளவுகோல் இங்கே தலைகீழாகிவிடும், ஏனென்றால் ஆட்டத்திலிருந்து தள்ளியிருக்கும் விலை குறைந்த அந்த இடத்துக்குத்தான் இங்கே கடும் போட்டி. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு, டிரம்பெட், டிரம். தங்கள் அணி மட்டை பிடிக்கும்போது மட்டும் பாடுவார்கள், எதிரணி ஆடும்போது உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்துக்கு நடுவே முதுகில் பியர் பீப்பாயைச் சுமந்தபடி படியேறும் பெண்கள், சிரித்த முகத்தோடு ஒரு துளி சிந்தாமல் ஊற்றுவார்கள். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: உள்ளூர் ரசிகர் பகுதியில் எதிரணி சட்டை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அது அங்கே எழுதப்பட்ட விதி.

டோக்கியோவில் மெய்ஜி ஜிங்கு மைதானமும் 1926-லிருந்து இருக்கிறது. அங்கே ஆடும் யாகுல்ட் ஸ்வாலோஸ் அணி ரன் எடுத்தால் அரங்கமே சிறு குடையை விரித்து ஆடும். அந்தப் பகுதியை மொத்தமாக மாற்றிக் கட்டும் திட்டம் இருக்கிறது. பழைய மைதானம் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்.

---

டென்வர்_காற்று:

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் மேல்தளம் முழுக்கப் பச்சை இருக்கை, நடுவே ஒரே ஒரு வரிசை மட்டும் ஊதா. அந்த வரிசை கடல் மட்டத்திலிருந்து சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல். முதல் பேஸ் பக்கம் மேலே உட்கார்ந்தால் மாலையில் ராக்கி மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும். காற்று மெலிதாக இருப்பதால் பந்து தூரம் போகும். அதைச் சமாளிக்க வெளிக்களத்தைப் பெரிதாக அமைத்தார்கள், விளைவாக நடுவே விழும் அடிகளும் கூடிவிட்டன. பந்து காய்ந்து இன்னும் தூரம் போகாமல் இருக்க 2002-லிருந்து பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள். இப்படி மைதானமே ஆட்டத்தை மாற்றுவதுதான் பேஸ்பாலில் எனக்குப் பிடித்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி யாருமே எழுதவில்லையே? டாட்ஜர் ஸ்டேடியத்தின் உச்சித் தளம் மலிவு, அங்கிருந்து சான் கேப்ரியல் மலைகள் தெரியும். 1962-ன் அழகு இன்னும் குறையவில்லை.

---

ஓக்லாந்து_பச்சை:

அழகை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் அந்த மேட்டில் முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1950-களில் அரசு வீட்டுத் திட்டம் என்று சொல்லி அவர்களை வெளியேற்றினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, நிலம் கடைசியில் பேஸ்பாலுக்குப் போனது. 1959-ல் மிச்சமிருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியேற்றிய படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு மைதானத்தை எடைபோடும்போது இதையும் எழுத வேண்டும்.

நான் ஓக்லாந்து அணியின் ரசிகன். கொலிசியம் எந்தப் பட்டியலிலும் கடைசியில்தான் இருக்கும். கான்கிரீட் வட்டம். 1990-களில் அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரும்ப அழைக்கச் சென்டர் ஃபீல்டில் ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பி, பின்னால் தெரிந்த குன்றுகளை மறைத்துவிட்டார்கள். ஆனால் உள்ளூர் ரயிலான பார்ட்டிலிருந்து இறங்கி நடைமேம்பாலத்தில் நடந்தால் நேரே மைதானம். டிக்கெட் விலை குறைவு, ப்ளீச்சர்ஸில் டிரம் சத்தம், தொழிலாளிகளும் மாணவர்களும் குடும்பங்களும். மேல்தளவாசியின் கேள்விக்கு என் பதில் அதுதான். 2024 செப்டம்பர் 26-ல் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. 46,889 பேர் வந்திருந்தார்கள். டெக்சாஸை 3-2 என்று வென்று விடைபெற்றார்கள். அணி இப்போது லாஸ் வேகாஸ் போகும் வழியில் சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு சிறிய லீக் மைதானத்தில் ஆடுகிறது. அந்த ரசிகர்கள் குறை வைக்கவில்லை. 57 சீசன் வந்து உட்கார்ந்தவர்களிடமிருந்து அணியைப் பிடுங்கிக்கொண்டு போனது அநியாயம்.

---

வடசிகாகோ:

ஓக்லாந்து நண்பருக்கு என் கை. அன்று டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

பழைய மைதானம் என்றால் அலபாமாவின் பர்மிங்காமில் ரிக்வுட் ஃபீல்ட் இருக்கிறது. 1910, ஃபென்வேயைவிட மூத்தது. கறுப்பர்களுக்கு மேஜர் லீக் மூடியிருந்த காலத்தில் நீக்ரோ லீக் அணியான பிளாக் பேரன்ஸ் ஆடிய இடம், பின்னாளில் பெரும் நட்சத்திரமான வில்லி மேஸ் 1948-ல் பதின்வயதுப் பையனாக அங்கே ஆடினார். 2024 ஜூன் 20-ல் அங்கே மேஜர் லீக் ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் மேஸ் காலமானார். பர்மிங்காம் வழியாகப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கே போய்விட்டு வாருங்கள்.

---

கிரிக்கெட்_ரசிகை:

எல்லோருக்கும் நன்றி, இழை முழுவதையும் இரண்டு முறை படித்துவிட்டேன். வட கரோலினாவில் இருக்கிறோம், மகளுக்கு ஆறு வயது. மேஜர் லீக் மைதானம் எதுவும் பக்கத்தில் இல்லை. எங்கே தொடங்கலாம்?

---

பாஸ்டன்_பக்கத்து_வீடு:

டர்ஹாம் புல்ஸ். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ அணி, நாளைக்கு மேலே போகப்போகிறவர்களைப் பத்துப் பதினைந்து வரிசை தூரத்தில் பார்க்கலாம். மைதானம் 1995-ல் கட்டியது, லெஃப்ட் ஃபீல்டில் ஃபென்வே மாதிரியே உயரமான நீலச் சுவர் ஒன்று உண்டு, அதன்மேல் பெரிய காளை உருவம். ஹோம் ரன் அடித்தால் காளையின் கண் சிவப்பாக எரியும், மகளுக்குப் பிடிக்கும். பொது இருக்கை வாங்கி முதல் பேஸ் பக்கம் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். குழந்தையோடு போகும்போது வலை இல்லாத இடம் வேண்டாம், கோட்டுக்கு வெளியே பறக்கும் ஃபவுல் பந்து கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

---

மேல்தளவாசி:

அதோடு, கோடை விடுமுறையில் ரயிலிலேயே பால்டிமோர் போய்விடலாம். பென் ஸ்டேஷனில் இறங்கி லைட் ரெயில் பிடித்தால் கேம்டன் யார்ட்ஸ் வாசல். ஆட்டத்துக்கு முன்னதாகவே போய் கிடங்குக்கும் மைதானத்துக்கும் நடுவே உள்ள யூட்டா தெருவில் நடங்கள். ஹோம் ரன் பந்துகள் விழுந்த இடங்களில் தரையில் பித்தளைத் தகடுகள் பதித்திருப்பார்கள், மகள் ஒவ்வொன்றாகத் தேடட்டும். மேல்தளத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் எடுங்கள். எலுமிச்சை சாதமும் மறக்க வேண்டாம்.